வேர்த்துப்போன லிப்ஸ்டிக்

கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் சாயம், மீதியெல்லாம் விளக்கெண்ணெய். உருக்கி அச்சில் ஊற்றினால் லிப்ஸ்டிக். ஆனால் அலமாரிக்கு வந்ததுமே அது பெரிய இடத்துப் பெண்ணாகிவிட்டது.

பக்கத்திலிருந்த விளக்கெண்ணெய் பாட்டில், "என்னடி, சித்தியைத் தெரியலையா?" என்றது.

"யாரோ பைத்தியம்," என்று பவுடர் டப்பாவிடம் முணுமுணுத்தது லிப்ஸ்டிக்.

மத்தியானம் கரண்ட் போனது. புழுக்கத்தில், திறந்து கிடந்த லிப்ஸ்டிக்கின் மேல் எண்ணெய் முத்து முத்தாக வேர்த்தது.

"ஐயே, உன் மேல விளக்கெண்ணெய் வாடை!" என்றது பவுடர் டப்பா.

லிப்ஸ்டிக் திருதிருவென்று விழித்தது. பாட்டில் முந்திக்கொண்டது: "என் மூடி சரியில்லம்மா. நான்தான் அவ மேல சிந்திட்டேன்."

"கொஞ்சம் தள்ளி நிக்கக் கூடாதா?" என்று பாட்டிலை அதட்டியது பவுடர் டப்பா.

பாட்டில் ஓரத்துக்கு நகர்ந்தது. லிப்ஸ்டிக் கூனிக் குறுகிப்போனது. அப்போதும் அதன் வாயிலிருந்து வந்தது, "பரவாயில்ல, தொடைச்சுக்கறேன்" என்பதுதான்.