இரண்டு பாதி யானை

தான் ஃபோகஸ் வைத்து முடிக்கும்வரை ஒரு சிறுத்தை கொட்டாவியை மூடாமல் வைத்திருந்தது என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் யானை வந்தது.

“அப்புறம் ஃபிலிமையும் அதுவே சுத்திக் குடுத்துச்சாக்கும்” என்று சொல்ல வாய் திறந்தவள், திறந்தபடி நின்றாள்.

வால்பாறைப் பக்கம். தேயிலைத் தோட்டத்துக்குள் வளைந்து போகும் மண் பாதை. காலை ஏழரை மணி. கார் இரண்டு வளைவு தள்ளிப் பின்னால் நின்றது.

தனியாக வந்த கொம்பன். தேயிலை ஃபாக்டரியே கூரையோடு எழுந்து பாதையில் நடந்து வந்ததுபோல இருந்தது.

முப்பத்தெட்டு வருஷமாக அவர் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை. பெண் பார்க்க வந்த அன்றே, தன் லென்ஸில் எறும்பின் மீசை தெரியும் என்றவர். வரவு செலவு அவருடைய இலாகா. நம்பாமலிருப்பது அவளுடையது.

முதலில் அந்த யானையையும் அவள் நம்பவில்லை.

“ஓடிரலாமுங்க.”

“ஓடுனா தொரத்தும். என் பெல்ட்டப் புடிச்சுக்க.”

அவளால் ஓடவும் முடியாது. முழங்கால் மாற்றி எட்டு மாதம்தான் ஆகிறது.

அவரால் முடியும்.

அவர் அவளுக்கு முன்னால் வந்து நின்றார். கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினார்.

கையால் திருப்பும் பழைய லென்ஸ். தானாக எதுவும் செய்யாது. கேமராவில் கண் வைத்தால் நடுவில் சின்ன வட்டம். அதில் உருவம் இரண்டு பாதியாக வெட்டுப்பட்டு விலகித் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒட்ட வைக்க வேண்டும். ஒட்டுகிற இடம் எத்தனை மீட்டர் என்று வளையமே சொல்லும். காப்பி குடிக்கும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு, அவளே ஒரு லென்ஸ் செய்துவிடுவாள்.

“பத்து மீட்டர்” என்றார்.

யானை காதை விரித்தது. நடந்தது.

“ஏழு.”

கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வதுபோலச் சொன்னார். அவள் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அஞ்சு.”

ஈர மண்ணும் கசங்கிய இலையுமாக ஒரு வாசனை வந்து இடித்தது. அதன் வயிறு உறுமுவது கேட்டது.

“ஏனுங்க, எடுத்துத் தொலைங்க.”

“ஒரே ஒரு படந்தான் மிச்சம். கண்ணு இன்னும் சேரல.”

யானை ஓரடி வைக்கும். இரண்டு பாதியும் விலகும். அவர் திருப்புவார். இன்னோரடி வைக்கும்.

“நாலு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“மூணு.”

வளையம் நின்றது.

யானையும் நின்றது.

அவள் கண்ணைத் திறந்தாள். துதிக்கை நீண்டு, லென்ஸுக்கு முன்னால் காற்றை முகர்ந்து ஒரு மூச்சு விட்டது. கண்ணாடி முழுக்கப் பனி படிந்தது. இதை அவர் பிறகு சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அவர் கேமராவை இறக்கினார். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். லென்ஸைத் துடைத்தார், வட்ட வட்டமாக, அவசரமில்லாமல்.

யானை காத்திருந்தது.

மறுபடி கண்ணுக்கு உயர்த்தினார். அரைக்கால் சுற்று. இன்னும் கொஞ்சம்.

டப்.

கதவைச் சாத்துகிற மாதிரிச் சத்தம்.

யானை தலையை ஒருமுறை ஆட்டியது. திரும்பித் தேயிலைக்குள் இறங்கியது. பனி மஞ்சு அதை மூடிக்கொண்டது.

காருக்குள் உட்கார்ந்ததும், முடிந்த ஃபிலிமைத் திருப்பிச் சுற்றக் குமிழைப் பிடித்தார். அது இறுக்கமாகச் சுற்ற வேண்டும்.

காற்றாடிபோலச் சுழன்றது.

பின்மூடியைத் திறந்தார். ஃபிலிமின் நுனி அதை இழுக்கும் பற்சக்கரத்தில் மாட்டவேயில்லை. போட்ட இடத்திலேயே கிடந்தது. ரோலின் முப்பத்தாறு படத்துக்கும் கேமரா சும்மா கண் சிமிட்டியிருக்கிறது.

மலை இறங்கினார்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுக்கு ஒரு பொய்யாவது சொல்லுகிறவர், ஒன்றும் சொல்லவில்லை. யானை முன்னால் நின்றபோதுகூட அவளுக்கு இத்தனை பயம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயமுத்தூரில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஃபிலிம் கேமராக்காரர்கள் ஏழு பேர் கூடினார்கள். அவள் காப்பித் தட்டோடு மேலே வந்தபோது அவர் யானையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூச்சைச் சொல்லவில்லை. கைக்குட்டையைச் சொல்லவில்லை. யார் ஓட முடியாமல் நின்றது என்பதையும் சொல்லவில்லை.

“ஒரு பதினஞ்சு மீட்டர் இருக்கும். கொஞ்ச நேரம் நின்னுச்சு.”

“நெகட்டிவ் எங்க சார்?” என்றார் ரஃபீக்.

“ஃபிலிம் மாட்டல.”

ஏழு பேரும் சிரித்தார்கள்.

“ஒடம்புக்கு ஏதும் முடியலீங்களா சார்? உங்க கதையில பதினஞ்சு மீட்டர் தள்ளி நிக்கற யானை எறும்புக்குச் சமம்” என்றார் ரஃபீக். பிறகு வழக்கம்போல அவள் பக்கம் திரும்பினார். கணவருடைய கதைகளுக்கெல்லாம் கடைசித் தீர்ப்பு அவளுடைய உதட்டுப் பிதுக்கல்தான். “அக்கா, நீங்களே சொல்லுங்க.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

“பதினஞ்செல்லாம் இல்ல” என்றாள்.

மறுபடி சிரிப்பு கிளம்பியது.

“மூணு. லென்ஸத் தொடச்சு முடிக்கற வரைக்கும் நின்னுச்சு.”