கடைக்கோடியில் முப்பத்திரண்டு

பராமரிப்புக்காக அன்று ஆலையை நிறுத்தியிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் மட்டும் கண்ட்ரோலர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரே கேபிளில் கோத்த முப்பத்தோரு இயந்திரங்களும் திரையில் பச்சைப் புள்ளிகளாகப் பதில் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு சொல்லின.

முப்பத்திரண்டாம் எண் கடைக்கோடி இயந்திரத்துடையது. போன வருடமே அதை எடைக்குப் போட்டாயிற்று. அதற்கு முன்பே, அதைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சினன் போய்ச் சேர்ந்துவிட்டான். கத்தினாலும் கேட்காத தூரம் என்பதால், சாப்பாட்டு நேரம் வந்தால் அங்கிருந்தே சுவிட்சை இரண்டு தரம் அணைத்துப் போடுவான். திரையில் அதன் புள்ளி அணைந்து எரிவதைப் பார்த்து இவரும் டப்பாவை எடுத்துக்கொண்டு போவார். இப்போதெல்லாம் பாதி நாள் சாப்பிடவே மறந்துவிடுகிறது.

இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கடைசியில் கண்ட்ரோலரிலிருந்தே கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். முப்பத்திரண்டு மட்டும் பச்சையாகவே இருந்தது. பிறகு அணைந்து எரிந்தது. மறுபடியும் அணைந்து எரிந்தது.

போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"ஆபீஸ் திரையில ஏதோ ஒண்ணு கூடுதலாக் காட்டுச்சே?"

"இல்ல சார், கணக்கு சரியாத்தான் இருக்கு. சாப்பிட்டு வந்து மாட்டிவிட்டுடறேன்."

டப்பாவோடு கடைக்கோடிக்கு நடந்தார். இயந்திரம் இருந்த இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகளும் ஒரு வருடத் தூசியும்தான் இருந்தன. தூசியில் இவருடைய காலடி மட்டுமே பதிந்தது. நடுவில், இரண்டு பேர் உட்காரும் அளவுக்குப் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது.