சுத்தம் செய்த நாள்

ஊராட்சிக் குடிநீர்த் தொட்டியைப் பராமரித்துவந்த சேவுகப்பெருமாள், எழுத்து கோணாமல் எழுதுபவர். பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை, தொட்டியின் தூணில் ‘சுத்தம் செய்த நாள்’ என்பதற்கு எதிரே புதிய தேதியைப் பெயிண்டால் எழுதுவார். முழங்கால் வலி வந்தபின் மேலே ஏறுவதை நிறுத்தினார். தேதி எழுதுவதை நிறுத்தவில்லை.

அவ்வாறு ஒருமுறை எழுதிய மூன்றாம் நாள், அந்த ஊர்ச் செல்லக்கிளி, வயிற்றுப்போக்கால் துவண்ட மகளைத் தோளிலிட்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தாள்.

“பிள்ளைக்கு என்னத்தத் தாயி குடுத்த?” என்று தொட்டியடியில் நின்ற சேவுகப்பெருமாள் கேட்டார்.

“ஒன்னுமில்ல சித்தப்பா. எப்பவும் காய்ச்சுன தண்ணிதான். நீங்க புதுத் தேதி போட்டதப் பாத்துத்தான் பச்சத்தண்ணி குடுத்தேன். டாக்டர் கேட்டா, தண்ணியில ஒரு கொறையுமில்லன்னு சொல்லிருவேன்.”

அவர் தொட்டியின் வால்வை அடைத்தார்.

“அப்படிச் சொல்லாத. நான் தொட்டியில ஏறி எட்டு மாசமாச்சு. டாக்டர்கிட்ட நானே வந்து சொல்றேன்,” என்றார்.