துளுக்காத கிடாய்

அர்த்தநாரி கிடாயைக் காலிடுக்கில் நிறுத்தி, முதுகு முழுக்க விளக்கெண்ணெய் தேய்த்தான். பெற்ற பிள்ளைக்குக்கூட அவன் இத்தனை பதமாய்த் தேய்த்துவிட்டதில்லை.

“உண்ணி புடிச்சிருக்குதுங்களா?” என்றாள் மனைவி வசந்தாமணி.

“ஆமா. நாளைக்குச் சாமி முன்னால நிக்கற கெடா, சுத்தமா இருக்கோணுமில்ல.”

உண்ணியுமில்லை, ஒன்றுமில்லை. ஏற்காட்டு மலைக்குக் காற்று வாங்கப் போகும் பட்டாளத்துத் துரைமார் விமானத்தில் வந்து இறங்க, சேலத்துக்கு மேற்கே இடம் வேண்டுமாம். யுத்த காலம், சர்க்கார் கேட்டால் மறுக்க முடியாது. அர்த்தநாரியின் நிலம், அதை ஒட்டிய அண்ணன் காளியண்ணனின் நிலம், இரண்டில் ஒன்று போதும், யாருடையது என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றார் ஓவர்சியர். எடுத்த நிலத்துக்கு எங்கேயோ மாற்று நிலம் உண்டாம். சொல்லும்போது அவர் கண்ணெல்லாம் அர்த்தநாரியின் தென்னை உச்சியிலேயே இருந்தது.

பாகம் பிரித்தபோது கிணறு அர்த்தநாரி பக்கம் விழுந்தது. அந்தத் தண்ணீரில் தென்னை வளர்த்தான், வீடும் கட்டினான். அண்ணனுக்கு மட்டும் ஒரு குடம் விட்டதில்லை. அண்ணன் காடு காய்ந்து கிடந்தது, அவன் ஓவர்சியருக்கு அளவுச் சங்கிலி பிடித்து வயிற்றைக் கழுவினான்.

சாமியையே கேட்பது என்று முடிவாயிற்று. ஒருவன் பேரைச் சொல்லிக் கிடாய் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறித் துளுக்கினால் அவன் நிலம் போகும், துளுக்காவிட்டால் மற்றவன் நிலம். எண்ணெய் முதுகில் தண்ணீர் உறைக்காது. தன் பேருக்கே கேட்கச் சொல்லிச் சந்தேகம் வராமல் எப்படிப் பேசுவது என்பதுதான் அர்த்தநாரியின் கவலை.

கோயிலில் காளியண்ணன் கிடாயைத் தடவிக்கொடுத்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். அர்த்தநாரிக்கு உயிர் போய் வந்தது.

“தம்பி பேருக்கே கேளுங்க பூசாரி,” என்றான் அண்ணன்.

தண்ணீர் வழிந்து ஓடியது. கிடாய் தேமே என்று நின்றது. அர்த்தநாரி துண்டால் வாயைப் பொத்திச் சிரித்தான்.

அடுத்த வாரம் ஓவர்சியர் கோடாலி ஆட்களோடு அர்த்தநாரியின் வாசலுக்கு வந்தார்.

“என்ற நிலத்தைத்தான் சாமி உட்டுருச்சுங்களே.”

“நிலம் உன்னோடதுதான்யா. ஆனா விமானம் இதுக்கு மேலதான் தாழ்ந்து வரும். மரம், வீடு எதுவும் நிக்கக் கூடாது. விமானம் தப்பி இறங்கினா கிணத்துல விழுந்துடும், அதையும் மூடணும்.”

“அப்ப எனக்கும் மாத்து நிலம் குடுப்பீங்களா சாமி?”

“உன் நிலத்தைத்தான் எடுக்கலையே.”

முதல் தென்னை சாய்ந்தது. உலையில் அரிசி போட்டிருந்த வசந்தாமணி, கொதிக்கிற பானையோடு வெளியே ஓடி வந்தாள்.

பக்கத்தில் காளியண்ணன் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். மாற்று நிலமாக அவனுக்கு ஏரிக்கரையில் நஞ்சை கிடைத்திருந்தது. அர்த்தநாரி தள்ளாடிப் போய் வண்டிச் சக்கரத்தைப் பிடித்தான்.

“இப்பிடி ஆகும்னு உங்களுக்கு முன்னயே தெரியுங்களாண்ணா?”

காளியண்ணன் மாட்டை நுகத்தில் பூட்டிக்கொண்டே சொன்னான்:

“கெடா மேல வெளக்கெண்ண மணத்துச்சு. அதனாலதான் உன்ற பேருக்குக் கேக்கச் சொன்னேன்.”