பதின்மூன்றாவது வரி

திருத்தணி ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெருவில், ஹெப்சி வீட்டிலிருந்தே இணையதளங்கள் செய்து தருகிறாள். எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி ஆகியவற்றைச் சொல்லும் பன்னிரண்டு வரிகள் ஒரு ஃபைலில் இருக்கும். எந்தப் புது வேலையையும் அதை நகலெடுத்துத்தான் தொடங்குவாள்.

ஜூனில், ஓர் அரிசி ஆலையின் பக்கத்தில் மூன்றாவது படம் மட்டும் கறுப்பு வெள்ளையில் தெரிந்தது. ஃபைலில், மூன்றாவது படத்தின் நிறத்தை நீக்கச் சொல்லும், அவள் எழுதாத பதின்மூன்றாவது வரி ஒன்று இருந்தது. அழித்தாள். மறுநாள் காலையில் அது திரும்ப வந்திருந்தது. அந்தப் படத்திலிருந்த மேஸ்திரி அந்த வாரமே இறந்துபோனார்.

ஆகஸ்டில், ஒரு தங்கும் விடுதிப் பக்கத்தின் மூன்றாவது படத்திலிருந்த சமையல்காரர்.

ஹெப்சி பழைய ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பன்னிரண்டு வரிகள் எழுதினாள். சேமித்துவிட்டு எண்ணினாள். பதின்மூன்று.

இன்று சர்ச் பாடகர் குழுவின் பக்கம். ஐந்து பேரின் படங்களில் மூன்றாவது அவள் கணவன் கிங்ஸ்லி, ஐந்தாவது அவள். ஃபைலே இல்லாமல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அப்போதும் கிங்ஸ்லி கறுப்பு வெள்ளையில்தான் சிரித்தான்.

தன் படத்தையும் அவன் படத்தையும் இடம் மாற்றினாள்.

கிங்ஸ்லி டீயோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னா ஹெப்சி, என்னைக் கடைசில தள்ளிட்ட?"

"அங்கதாங்க நல்லா கீறீங்க."

"நீ மட்டும் அந்தக் காலத்து நடிகை மாதிரி கீற! இதையே பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டலாமா?"

ஹெப்சி திரையில் அவனுடைய சட்டையின் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆங், மாட்டுங்க" என்றாள்.