தாண்டவராயனுக்குப் படையல்

உயிரோடு இருக்கிற புருஷனின் படத்துக்கு மாலை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, முன்னால் விளக்கும் ஏற்றி வைக்கிற பெண்டாட்டியை என்னவென்று சொல்வது?

தாண்டவராயன் கையில் பெட்டியோடு தன் வீட்டுக் கூடத்தில் நின்று, மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்தையே பார்த்தார். மலேசியாவிலிருந்து அப்போதுதான் திண்டிவனம் வந்து சேர்ந்திருந்தார்.

ரிட்டையரான பிறகு அவருக்கு இதுதான் வழக்கம். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. "பென்ஷன் வாங்கணும்னா பாதி வருசமாவது அந்த நாட்டுல இருந்தாகணும்" என்று மனைவி அஞ்சம்மாளிடம் சொல்லி வைத்திருந்தார். இந்த எண்பதுகளில் அங்கே தங்க விசா கிடைப்பது குதிரைக்கொம்பு. "எங்களையெல்லாம் தொரத்தறாங்க, உனக்கு மட்டும் எப்படிய்யா?" என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்.

தெருவில் அவருக்கு ரொம்ப நல்ல பேர். இந்த வயசிலும் கடல் தாண்டிப் பெண்டாட்டியைத் தேடி வருகிறாரே என்று.

இன்றைக்கு அந்தத் தெருவே சரியில்லை. முனையில் எதிரே வந்த பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி, அவரைப் பார்த்ததும் இடுப்புக் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பட்டப்பகலில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

அன்றைக்கு அமாவாசை. படத்தின் கீழே தலைவாழை இலை. வடை, பாயசம், அவருக்குப் பிடித்த முருங்கைக்காய்க் குழம்பு. அவர் பிடிக்கிற சிகரெட் பாக்கெட்டைக்கூட மறக்கவில்லை.

சாம்பிராணிப் புகையோடு அஞ்சம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்தும்.

அவர் நின்ற இடத்தை ஒருமுறை பார்த்தாள். அங்கே யாருமே இல்லாதது போலப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அஞ்சம்மா..."

இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டாள். கற்பூரம் காட்டினாள்.

"வந்து சாப்புடுங்க" என்றாள், படத்திடம்.

"அடியே, நான் இங்க நிக்கறன்டி!"

அவள் இலையிலிருந்து கொஞ்சம் சோற்றை எடுத்துக்கொண்டு, அவர் மேல் படாமல் ஒதுங்கிப் பின்பக்கம் போனாள். ஓட்டின் மேல் வைத்தாள்.

"கா... கா..."

காக்கா உடனே வந்தது. ஒரு வாய் எடுத்துக்கொண்டு பறந்தது.

"வந்துட்டாரு" என்றாள் அஞ்சம்மாள் நிம்மதியாக.

தாண்டவராயன் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தார். நாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும், வந்த விமானத்துக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று ஒரு நிமிஷம் பயந்தே போனார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். வலித்தது. அதற்கப்புறம்தான் கோபம் வந்தது.

அவர் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. பாஞ்சாலி வாசற்படிக்கு வெளியே நின்றபடி, அவர் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தாள். பட்டது. உடனே அவள் பயமெல்லாம் ஆத்திரமாகி அஞ்சம்மாள் மேல் பாய்ந்தது.

"இன்னாக்கா இது? மலேசியால செத்துட்டாருன்னு சொல்லி, பதினாறாம் நாள் காரியம் பண்ணி, எங்களுக்கெல்லாம் சோறு வேற போட்டியே! மகராசன், வருசா வருசம் உன்னத் தேடிக்கினு வர்றாரு. உனக்கு எப்படிக்கா மனசு வந்துச்சி?"

"நல்லா கேளும்மா" என்றார் தாண்டவராயன், தைரியம் வந்தவராக. "புருசன் உயிரோட இருக்கும்போது தாலிய கழட்டற பொம்பளைய எங்கியாவது பாத்திருக்கியா?"

அஞ்சம்மாள் பேசினாள். அவரிடம் இல்லை, பாஞ்சாலியிடம்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி விழுப்புரம் ஜங்ஷன்ல காணை ஊர்க்காரர் சுப்பராயலுவைப் பாத்தன்டி. மலேசியால இவரோட வேல பாத்தவரு. முன்ன ஒருவாட்டி நம்ம வூட்டுக்குக்கூட வந்திருக்காரு. நல்லா இருக்கீங்களாண்ணான்னு கேட்டன். மனுசன் பொட்டியப் போட்டுட்டு, பேய் பேய்னு அலறிக்கினு ஓடறாரு."

"எதுக்குக்கா?"

"தொரத்திப் புடிச்சி, சோடா வாங்கிக் குடுத்து உக்கார வச்சி நானும் அதத்தான் கேட்டன். போன வருசம் இவரு அங்க என் படத்துக்கு மாலை போட்டு, படையல் வச்சாராம். சுப்பராயலு எல போட்டு சாப்ட்டுட்டு வந்திருக்காரு."

எல்லோரும் தாண்டவராயனைப் பார்த்தார்கள்.

"அது... விசாவுக்காக அஞ்சம்மா" என்றார். "அந்த ஊர்க்காரி ஒருத்தியக் கட்டினாத்தான் அங்க தங்க விடுவாங்க. மொத சம்சாரம் இருக்கான்னு தெரிஞ்சா கல்யாணத்தப் பதிய மாட்டாங்க. அதுக்குத்தான் நீ போய்ட்டன்னு சொல்லி வச்சேன். சும்மா, நாலு பேர் நம்பறதுக்கு. இங்க வந்தா நீதான என் பொண்டாட்டி!"

அஞ்சம்மாள் இப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"நான் ஒண்ணும் கோச்சிக்கலீங்க. வருசத்துல ஆறு மாசம் நான் அங்க செத்துக் கெடக்கறன். மிச்ச ஆறு மாசம் நீங்க இங்க செத்துக் கெடங்க."