துப்பாக்கிக்கு நற்சான்று

உம்லாசி குடியிருப்பில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் மாகுமேடேயிடம் கேட்டால் போதும் என்பார்கள். அன்று கேட்க வந்தவர் போலீஸ்காரர்.

"பக்கத்து வீட்டு பெகானி துப்பாக்கி லைசென்ஸ் கேட்டிருக்காரும்மா. ஆள் எப்படின்னு விசாரிக்கணும். நல்ல மனுஷன்னுதான் அவர் மனைவி சொல்றாங்க."

"அவன் கதவோரம் நின்னா வேற என்ன சொல்லுவா?" மாகுமேடே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வெள்ளிக்கிழமை ஆனா அங்க ரேடியோ அலறும் தம்பி. பாட்டு கேக்கவா? அவ அழுற சத்தம் வெளிய வராம இருக்க. போன மாசம் கை உடைஞ்சுது. குளியலறையில வழுக்குச்சாம். அந்த வீட்டுல மட்டும் அப்படி என்னதான் வழுக்குமோ. இப்ப கையால அடிக்கிறான். துப்பாக்கி வந்தா அவளைப் புதைக்கத்தான் நாம போகணும்."

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இதுக்கப்புறம் அவருக்கு லைசென்ஸ் கிடைக்காதும்மா. உங்க மேல பகைதான் வரும். பக்கத்து வீட்டுக்காரங்க, நல்லதா சொல்வாங்கன்னு உங்க பேரைக் கொடுத்ததே அவர்தான்."

மாகுமேடேயின் குரல் முதல்முறையாக இறங்கியது.

"கொடுக்காம என்ன செய்வான்? பெத்தவ காட்டிக்கொடுக்க மாட்டாள்னு நினைச்சிருப்பான்."